கல்லீரல் நோயாளிக்கு ஏன் இந்த இனிப்பு மருந்து?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சென்ற ஆண்டு கல்லீரல் சுருக்க நோய், அதாவது சிரோசிஸ், என்று கண்டறிந்தார்கள். மூன்று மாதங்களுக்கு முன் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கத் தொடங்கினார். பிறகு ஒரு நாள் எங்களையே அடையாளம் தெரியாமல் பேசியதால் மருத்துவமனையில் சேர்த்தோம். நான்கு நாட்களில் தெளிந்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது லாக்டுலோஸ் என்ற சிரப்பை வேளைக்கு 30 மில்லி வீதம் நாளுக்கு மூன்று முறை கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் பாட்டிலில் அது மலச்சிக்கலுக்கான மருந்து என்று போட்டிருக்கிறது. அவருக்கோ மலச்சிக்கலே இல்லை. மருந்தும் பாகு போல இனிக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு இதைக் கொடுக்கலாமா என்று உறவினர்கள் கேட்டதால், இரண்டு வாரங்களாக இரவில் ஒரு வேளை மட்டும் கொடுக்கிறேன். வயிறு உப்புகிறது என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். புரதம் கூடாது என்று ஒருவர் சொன்னதால் அதையும் நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடியும் பகலில் தூங்குகிறார். இது உண்மையில் என்ன மருந்து? சர்க்கரையை ஏற்றுமா? பழகிப்போய்விடுமா?

மருத்துவரின் பதில்:

உங்கள் கடிதத்தில் அவசரமானது நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் அல்ல, அவற்றுக்கு முன்னால் எழுதியிருக்கும் வரி. தந்தை மறுபடியும் பகலில் தூங்குகிறார் என்கிறீர்கள். மூன்று மாதங்களுக்கு முன் எல்லாம் தொடங்கியதும் அப்படித்தான் என்பதை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே இதைப் படித்தவுடன் அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைத் தொடர்புகொண்டு, மருந்தைக் குறைத்த விவரத்தையும் தூக்கம் மாறியிருப்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இன்றே மருந்தை அவர் எழுதிக்கொடுத்த அளவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது பற்றியும் கேளுங்கள். நீங்கள் அக்கறையில்தான் குறைத்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருந்தைக் கையில் கொடுத்த நேரத்தில் அது ஏன் கொடுக்கப்படுகிறது என்று ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் இந்தக் குறைப்பே நேர்ந்திருக்காது. அந்த விளக்கத்தை இங்கே முழுமையாகத் தர முயல்கிறேன்.

லாக்டுலோஸ் என்பது இயற்கையில் கிடைக்கும் சர்க்கரை ஒன்றைச் சற்றே மாற்றி உருவாக்கிய மூலக்கூறு. பாலில் இருக்கும் சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதில் காலக்டோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகள் ஒரு பிணைப்பால் இணைந்திருக்கின்றன. லாக்டோஸைக் காரச் சூழலில் வைக்கும்போது அதன் குளுக்கோஸ் பகுதி ஃபிரக்டோஸாக மாறிவிடுகிறது. அப்போது கிடைப்பதுதான் லாக்டுலோஸ். ஒரு அணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டுக்கும் வேதி வாய்பாடு ஒன்றுதான், மூலக்கூறு எடையும் ஒன்றுதான். அணுக்கள் அமைந்திருக்கும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் நம் உடலைப் பொறுத்தவரை அந்தச் சிறிய மாற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. லாக்டோஸைப் பிளக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது; லாக்டுலோஸைப் பிளக்க மனிதக் குடலில் எந்த நொதியும் இல்லை. பிளக்கப்படாத இரட்டைச் சர்க்கரை குடற்சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் செல்ல முடியாது. குடிக்கும் லாக்டுலோஸில் 3 சதவீதம் அல்லது அதற்கும் குறைவானதே இரத்தத்தில் சேர்கிறது. அதுவும் பயன்படாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. மீதி முழுவதும் அப்படியே பெருங்குடலைச் சென்றடைகிறது. பெரும்பாலான மருந்துகள் இரத்தத்தில் கலந்தால்தான் வேலை செய்யும். இந்த மருந்தோ இரத்தத்தில் கலக்காமல் இருப்பதால்தான் வேலை செய்கிறது.

இனி சர்க்கரை நோய் குறித்த உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். நாக்கில் இனிப்பதும் இரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுவதும் வெவ்வேறு விஷயங்கள். லாக்டுலோஸ் மூலக்கூறு இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஆயினும் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். சிரப் தயாரிக்கும்போது மாறாமல் எஞ்சிய லாக்டோஸும், பிரிந்து நின்ற காலக்டோஸும் சிறிதளவு அதில் கலந்திருக்கும். இவை உடலில் சேரக்கூடியவை. வழக்கமான சிரப்பில் 15 மில்லிக்கு 10 கிராம் லாக்டுலோஸ் இருக்கும். அதே 15 மில்லியில் காலக்டோஸ் 1.6 கிராமுக்கும், லாக்டோஸ் 1.2 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. உங்கள் தந்தைக்கு எழுதப்பட்டிருப்பது நாளுக்கு 90 மில்லி. மேல் வரம்பை வைத்துக் கணக்கிட்டாலும் நாள் முழுவதற்கும் இந்த இரண்டு சர்க்கரைகளும் சேர்ந்து 17 கிராமைத் தாண்டாது. அதுவும் மூன்று வேளையாகப் பிரிந்து உடலுக்குள் செல்கிறது. மலச்சிக்கலுக்காக நாளுக்கு 15 மில்லி குடிப்பவருக்கு இதைப் பற்றிய கவலையே தேவையில்லை. உங்கள் தந்தையைப் போல அதிக அளவில் எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்குச் சற்றுக் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கவனம் என்ன என்றால், முழு அளவுக்குத் திரும்பிய முதல் வாரத்தில் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் சர்க்கரையைப் பார்த்து எழுதி வைப்பது. அளவு ஏறினால் மருத்துவர் இன்சுலினைச் சரிசெய்வார். இன்சுலினைக் கூட்டவோ குறைக்கவோ எப்போதும் வழி இருக்கிறது. ஆனால் லாக்டுலோஸைக் குறைத்துச் சர்க்கரையைச் சமாளிக்கவே கூடாது. எஞ்சிய சர்க்கரைகள் மிகக் குறைவாக உள்ள தூள் வடிவ லாக்டுலோஸும் உண்டு. தேவை என்று பட்டால் அதை மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை சிரோசிஸ் நோயாளிகளிடம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுவது வழக்கம். இரத்தச் சோகையும், பெருத்த மண்ணீரல் சிவப்பணுக்களைச் சீக்கிரம் அழித்துவிடுவதும் அதற்குக் காரணங்கள். ஆகவே உங்கள் தந்தையின் விஷயத்தில் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

காலக்டோஸைச் செரிக்க இயலாத பிறவிக் குறைபாடான காலக்டோசீமியா உள்ளவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. அது பிறந்த சில நாட்களிலேயே வெளிப்படும் அரிய நோய். 64 வயதுவரை பால் குடித்து வாழ்ந்தவருக்கு அது பொருந்தாது.

மூளை தடுமாறுவதற்கும் மலம் இளகுவதற்கும் என்ன தொடர்பு என்பது அடுத்து எழும் கேள்வி. நாம் உண்ணும் புரதம் சிதையும்போதும், பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் யூரியாவையும் செரிக்காத புரதத்தையும் உடைக்கும்போதும் அம்மோனியா உண்டாகிறது. குடற்சுவரின் செல்களே கூட குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை எரிபொருளாகப் பயன்படுத்தி அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேராக இதயத்துக்குச் செல்வதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. நல்ல கல்லீரல் அந்த அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்திடம் ஒப்படைத்துவிடும். சிரோசிஸில் இரண்டு கோளாறுகள் ஒன்றாக நேர்கின்றன. வேலை செய்யக்கூடிய கல்லீரல் செல்கள் குறைந்துபோகின்றன என்பது ஒன்று. தழும்பேறி இறுகிய கல்லீரலுக்குள் நுழைய முடியாத இரத்தம் பக்க வழிகளை உண்டாக்கிக்கொண்டு, சுத்திகரிக்கப்படாமலே பொது இரத்த ஓட்டத்தில் கலந்துவிடுகிறது என்பது மற்றொன்று. இவ்வாறு தப்பிய அம்மோனியா மூளையை அடையும்போது, அங்கே உள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் அதை குளுட்டமினாக மாற்றித் தமக்குள் தேக்கிக்கொண்டு, நீரை உறிஞ்சி வீங்குகின்றன. தூக்கம் புரள்வது, எரிச்சல், பேச்சு மந்தமாவது, கணக்குத் தவறுவது, இடமும் நேரமும் குழம்புவது, இறுதியில் நினைவிழப்பு என்று படிப்படியாக வெளிப்படும் இந்த நிலையைத்தான் ஹெபாடிக் என்செபலோபதி என்கிறோம். உங்கள் தந்தைக்கு வந்தது மனநோயும் அல்ல, வயதின் மறதியும் அல்ல.

பெருங்குடலை அடைந்த லாக்டுலோஸை அங்குள்ள நுண்ணுயிரிகள் விரும்பி உண்கின்றன. நம்மால் பிளக்க முடியாத பிணைப்பை அவை பிளந்துவிடும். அப்படிப் பிளந்து நொதிக்கும்போது லாக்டிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் உண்டாகி, குடலின் உட்சூழல் அமிலத்தன்மை அடைகிறது. இந்த நோயாளிகளுக்கு இதுதான் முக்கியம். அம்மோனியா மின்னூட்டம் இல்லாத சிறிய மூலக்கூறாக இருக்கும்வரை குடற்சுவரை எளிதில் கடந்து இரத்தத்துக்குள் சென்றுவிடும். அமிலச் சூழலில் அது ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்று அம்மோனியமாக மாறிவிட்டால், மின்னூட்டம் பெற்ற அந்த அயனியால் சுவரை எளிதில் கடக்க முடியாது. குடலிலேயே சிக்கிக்கொண்ட அம்மோனியம் மலத்தோடு வெளியேறுகிறது. தவிரவும், லாக்டுலோஸை உண்டு பெருகும் நுண்ணுயிரிகள் தங்கள் உடலைக் கட்டுவதற்கு நைட்ரஜனைக் குடலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அம்மோனியாவை உண்டாக்கும் வகைகளைவிடச் சர்க்கரையை நொதிக்கும் வகைகள் ஓங்குகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உறிஞ்சப்படாத சர்க்கரையும் அமிலங்களும் நீரைக் குடலுக்குள் இழுத்து வைப்பதால் மலம் இளகி விரைவாக வெளியேறுகிறது; அம்மோனியா உற்பத்தியாவதற்குக் கிடைக்கும் நேரமே குறைந்துவிடுகிறது.

பாட்டிலில் எழுதியிருக்கும் மலமிளக்கி வேலை இந்தக் கடைசிப் பகுதி மட்டுமே. மலச்சிக்கல் உள்ளவருக்கு அதுவே நோக்கம்; நாளுக்கு 15 முதல் 30 மில்லி போதும், பலன் தெரிய ஒன்று அல்லது இரண்டு நாட்கள் ஆகும். கல்லீரல் நோயாளிக்கோ மலச்சிக்கல் இல்லாவிட்டாலும் மருந்து தேவை. மருந்தின் எந்தப் பங்கு எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நினைவு தடுமாறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்குக் குடலை ஒரே மூச்சில் சுத்தம் செய்யும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் கொடுத்தபோது, லாக்டுலோஸைவிடச் சீக்கிரமாக, 24 மணி நேரத்திலேயே கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. குடலைக் காலிசெய்வதே பெரிய சிகிச்சை என்பதை அது காட்டுகிறது. ஆனாலும் வீட்டில் மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு, நோய் திரும்பாமல் காப்பதற்கு நெடுநாள் அனுபவமும் ஆதாரமும் உள்ள மருந்து லாக்டுலோஸ்தான். ஆகவே இதற்குப் பதிலாக வேறு மலமிளக்கி கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

இந்த மருந்தின் வரலாறு நம்பிக்கை தரக்கூடியது. 1930ஆம் ஆண்டில் வேதியியல் ஆய்வகத்தில் முதன்முதலாக உருவாக்கப்பட்டபோது இதற்கு மருத்துவப் பயன் எதுவும் தெரியாது. 1957இல் பெட்யூலி என்ற மருத்துவர், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளின் குடலில் பிஃபிடஸ் என்ற நல்ல நுண்ணுயிரியை இது பெருக்குவதாகக் கண்டார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் அது இயல்பாகவே நிறைந்திருக்கும். அதன் பின்னர் மலச்சிக்கலுக்குப் பயன்பட்டது. 1966இல் சூரிச் நகரில் பணியாற்றிய யோகான்னஸ் பிர்ஷரும் அவருடைய குழுவினரும் கல்லீரல் நோயால் மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இதைக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டார்கள். இடையில் ஓர் ஐயமும் எழுந்தது: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று, 2004இல், பழைய ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, பலன் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்றது. கூடுதல் ஆய்வுகளைச் சேர்த்து 2016இல் அதே அமைப்பு மீண்டும் ஆராய்ந்தபோது, லாக்டுலோஸ் போன்ற உறிஞ்சப்படாத இரட்டைச் சர்க்கரைகள் நோயைக் குணப்படுத்துவதோடு உயிரிழப்பையும் குறைப்பதாகத் தெரியவந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் லாக்டுலோஸ் இடம்பெற்றிருக்கிறது. கேள்விக்கு உள்ளாகி, சோதிக்கப்பட்டு, அதன் பிறகும் நிலைத்து நிற்கும் மருந்தை நான் கூடுதலாகவே நம்புகிறேன்.

உங்கள் நிலைமைக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று புது டெல்லியில் நடத்தப்பட்டு 2009இல் வெளியானது. ஒருமுறை மூளைப் பாதிப்பு வந்து தெளிந்தவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தொடர்ந்து லாக்டுலோஸ் கொடுத்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டவர்களில் 61 பேரில் 12 பேருக்கும், எடுத்துக்கொள்ளாதவர்களில் 64 பேரில் 30 பேருக்கும் நோய் திரும்ப வந்தது. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எதிராக இரண்டில் ஒருவர். உங்கள் தந்தை தெளிந்துவிட்டார் என்பது மருந்தை நிறுத்தலாம் என்பதற்கான அறிகுறி அல்ல என்று நான் வலியுறுத்துவதற்கு இந்த எண்களே காரணம்.

இனி அளவைப் பற்றி. இந்த மருந்தைக் கையாளுவதில் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சீட்டில் 30 மில்லி மூன்று வேளை என்று எழுதியிருப்பது தொடக்கம் மட்டுமே. உண்மையான இலக்கு, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை மென்மையாக மலம் கழிய வேண்டும் என்பது. ஒருவருக்கு அது 45 மில்லியில் கிடைக்கும், இன்னொருவருக்கு 120 மில்லி தேவைப்படும். ஒரே நபருக்கே வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவே மருத்துவரிடம் ஒரு வரம்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: மலம் ஒரு முறைதான் கழிந்தது என்றால் மறுநாள் எவ்வளவு கூட்டலாம், நான்கு முறைக்கு மேல் நீர்போலப் போனால் எந்த வேளையை விடலாம், எப்போது அவரை அழைக்க வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் கொடுத்த அளவு, மலம் கழித்த எண்ணிக்கை, இரவுத் தூக்கம் எப்படி என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். இரத்த அம்மோனியா அளவைவிட அந்தக் குறிப்பேடு எனக்குப் பயன்படும். வீட்டில் தெளிவாக நடமாடும் நோயாளியிடம் அம்மோனியாவைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து மருந்தின் அளவைத் தீர்மானிப்பது சரியான வழி அல்ல.

அளவு குறைந்தால் ஆபத்து என்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அளவு மிஞ்சினாலும் அதே ஆபத்து வேறு வழியில் வரும் என்பதைப் பலர் அறிவதில்லை. பேதியாகும்போது உடல் நீரை இழக்கிறது, பொட்டாசியம் குறைகிறது, சில நேரங்களில் இரத்தத்தில் சோடியம் ஏறுகிறது. பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே அதிக அம்மோனியாவை உண்டாக்கத் தொடங்கும். நீர் வற்றினால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் இரத்தம் குறையும். விளைவு, எதைத் தடுக்க மருந்து கொடுத்தோமோ அந்தக் குழப்பமே மீண்டும் வரும். வயிற்று நீருக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. ஆகவே நிறையக் கொடுத்தால் நிறையப் பலன் என்ற எண்ணமும் வேண்டாம். வேறு மலமிளக்கிகளையும் இதனுடன் சேர்க்க வேண்டாம். அவை மலத்தை இளக்கிவிடும், லாக்டுலோஸ் போதிய அளவு சேர்ந்துவிட்டதுபோல எண்ணிக்கை தவறாகக் காட்டும். நெஞ்செரிச்சலுக்காகக் குடிக்கும் அமில முறிப்பு மருந்துகளும் பெருங்குடலில் அமிலம் உண்டாவதைத் தடுக்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வயிறு உப்புவதாக உங்கள் தந்தை சொன்னது கற்பனை அல்ல. நுண்ணுயிரிகள் லாக்டுலோஸை நொதிக்கும்போது ஹைட்ரஜன் உள்ளிட்ட வாயுக்கள் உண்டாகின்றன. உப்புசமும் காற்றுப் பிரிதலும் வயிற்று இரைச்சலும் மருந்து வேலை செய்வதன் உடன்விளைவுகள். பெரும்பாலோருக்கு நாள் செல்லச் செல்ல இவை குறையும். அளவை ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பகல் தூக்கம் வந்துவிட்ட இப்போதைய நிலையில் அவர் உடனே ஏற்றச் சொன்னால் அதைக் கேளுங்கள். திகட்டும் இனிப்பைத் தணிக்க அரை டம்ளர் நீரில் கலந்து கொடுக்கலாம். சர்க்கரை நோயாளி என்பதால் பழச்சாற்றில் கலக்க வேண்டாம். குளிர்ந்த நீர் இனிப்பை மட்டுப்படுத்தும் என்று நோயாளிகள் சொல்வதுண்டு. நாட்பட்ட சிரப்பின் நிறம் சற்றுக் கருமையாவது இயல்பு, அதனால் வீரியம் குறைவதில்லை. பாட்டிலை உறைபனிப் பெட்டியில் வைக்க வேண்டாம். உப்புசம் என்று நினைப்பது உண்மையில் வயிற்றில் நீர் கோத்ததாகவும் இருக்கலாம். ஆகவே வாரம் இரு முறை எடையைப் பார்த்து அதே குறிப்பேட்டில் எழுதுங்கள். எடை தொடர்ந்து ஏறினாலோ, வயிறு வலித்துக் காய்ச்சல் வந்தாலோ மருந்தைப் பழி சொல்லாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்ய நேர்ந்தால் லாக்டுலோஸ் எடுத்துக்கொள்வதை முன்கூட்டியே தெரிவியுங்கள். குடலில் சேர்ந்த ஹைட்ரஜன், மின்சாரத்தால் சுட்டெடுக்கும் சிகிச்சையின்போது தீப்பற்றும் அபாயம் இருப்பதால் வேறு வகையில் குடலைச் சுத்தம் செய்வார்கள்.

பழகிப்போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடலின் நரம்புகளைத் தூண்டி வேலை செய்யும் மருந்து அல்ல இது. உடல் இதற்கு அடிமையாவதில்லை, காலப்போக்கில் பலன் இழப்பதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மருந்தைச் சரியாக எடுத்தும் பாதிப்பு மீண்டும் வந்தால், ரிஃபாக்சிமின் என்ற மாத்திரையை 550 மில்லிகிராம் வீதம் இரு வேளை லாக்டுலோஸோடு சேர்ப்பது வழக்கம். 2010இல் வெளியான பெரிய ஆய்வில் இது நோய் திரும்புவதை வெகுவாகக் குறைத்தது. அதில் பங்கேற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லாக்டுலோஸும் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அது துணை மருந்து, மாற்று மருந்து அல்ல.

புரதத்தை நிறுத்தியதைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புரதத்திலிருந்து அம்மோனியா வருகிறது, ஆகவே புரதத்தை நிறுத்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள்; இப்போது அது கைவிடப்பட்ட அறிவுரை. கல்லீரல் செய்யத் தவறும் அம்மோனியா சுத்திகரிப்பில் ஒரு பங்கைத் தசைகள் செய்கின்றன. புரதம் இல்லாவிட்டால் தசைகள் கரையும். கரைந்தால் அம்மோனியா கூடும். சிரோசிஸ் நோயாளிக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்பதே இன்றைய பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்த நீரின் எடையைக் கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டும் என்பதால் இதை உணவியல் நிபுணரிடம் செய்துகொள்ளுங்கள். தாவரப் புரதமும் பால் புரதமும் இந்த நோயாளிகளுக்கு நன்றாக ஒத்துக்கொள்கின்றன. நீண்ட நேரம் பட்டினி இருந்தாலும் தசை கரையும்; எனவே படுக்கப்போகும் முன் சிற்றுண்டி ஒன்று கட்டாயம் வேண்டும், அதற்கேற்ப இரவு இன்சுலினை மருத்துவர் அமைத்துத் தருவார்.

நோய் தலைகாட்டுகிறதா என்பதை வீட்டிலேயே கவனிக்க எளிய வழிகள் உள்ளன. கைகளை முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடித்து, விரல்களை விரித்து அரை நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். கை சட்டெனக் கீழே விழுந்து மறுகணம் தானாக மேலே எழும்பினால், அது மூளைப் பாதிப்பின் அடையாளம். நாள்தோறும் ஒரே தாளில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத்து கோணுவதும் வரி சரிவதும் பேச்சு குழறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்றும் கேட்கலாம். பத்துக்கும் குறைவாகச் சொன்னால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இந்த நிலையில் அவர் வண்டி ஓட்டக் கூடாது. தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். புரண்ட தூக்கத்துக்குக் காரணம் அம்மோனியா, அந்த மாத்திரையோ குழப்பத்தை ஆழமாக்கும்.

மருந்தைச் சரியாகக் கொடுத்தும் திடீரெனத் தடுமாறினால் அதற்கு ஒரு தூண்டுதல் இருக்கும்: தொற்று, குடலில் இரத்தக் கசிவு, நீர் வற்றுதல், தாது உப்புகளின் மாறுபாடு ஆகியவற்றில் ஒன்றாக இருப்பதே வழக்கம். உங்கள் தந்தைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இன்சுலின் போடுபவர் குழம்பினாலோ வியர்த்தாலோ முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். கல்லீரல் பழுதானவருக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவது எளிது, அதன் குறிகளும் இதே போலத்தான் இருக்கும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் உடனே குளுக்கோஸ் கொடுங்கள். லாக்டுலோஸ் இனிப்பாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் அதைக் கொடுத்தால் எந்தப் பயனும் இல்லை, அது இரத்தத்தில் சேராது.

மலம் கறுத்துத் தார்போலப் போவது, இரத்த வாந்தி, காய்ச்சல், எழுப்பினாலும் முழுமையாக விழிக்காமை ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் காலைக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவரின் வாயில் சிரப்பை ஊற்ற முயல வேண்டாம்; அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். விழுங்க முடியாதவர்களுக்கு 300 மில்லி லாக்டுலோஸை 700 மில்லி நீரில் கலந்து, ஆசனவாய் வழியாக எனிமாவாகச் செலுத்தி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் குடலில் தங்கவைக்கும் முறை மருத்துவமனைகளில் இருக்கிறது.